கரிசலில் பழைய தேவாலயங்கள்: குளத்தூர் முதல் கழுகுமலை வரை

தூத்துக்குடியிலிருந்து இராமநாதபுரம் நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையில் உள்ள குளத்தூர், இரண்டு நிலங்கள் சந்திக்கும் இடத்தில் அமைந்த ஊர். அதற்குக் கிழக்கே சில கல் தொலைவில் வைப்பாறும் வேம்பாரும் கடலைப் பார்த்து நிற்கின்றன. அதன் மறுபுறம் விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி எனப் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விளையும் கரிசல் பூமி விரிகிறது. ஈரத்தை நெடுநாள் பிடித்து வைத்து, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் கருமண் நிலத்தையே கரிசல் என்கின்றனர். அருகருகே அமைந்த இந்தக் கடலோரத்தையும் கரிசலையும் கிறித்தவம் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு வழியில், வெவ்வேறு அரசியல் சூழலில் வந்தடைந்தது என்பதால், இரு நிலங்களிலும் உள்ள பழைய தேவாலயங்களை ஒரே வரலாற்றின் பகுதிகளாகப் படிப்பது பிழையாகும். கரிசல் கிராமங்களின் தேவாலயங்கள் பெரும்பாலும் கடலோரக் கோயில்களின் நிழலிலேயே பேசப்பட்டு வந்துள்ளன. அவற்றுக்கெனத் தனி வரலாறு உண்டு என்பதும், அதில் பிரான்சு நாட்டுக் கிராமப்புறத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பதும் போதிய கவனம் பெறவில்லை.

கடலோர வரலாறு நன்கு அறியப்பட்டது. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களில் போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடித் திருமுழுக்குப் பெற்றனர். 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் அவ்வூர்களில் சமய அறிவை ஊன்றினார். புன்னைக்காயலில் வாழ்ந்த அன்றிக் அடிகளாரின் தமிழ் நூல்கள் 1578 முதல் அச்சேறின. வேம்பார், வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டணம், திருச்செந்தூர், மணப்பாடு ஆகிய ஏழும் ‘ஏழுகடற்துறை’ என்ற பெயரில் பரதவர் சமூகத்தின் தலைமை ஊர்களாயின. அங்கு தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு கடற்படை இருந்தது. முத்து வணிகத்தின் பணம் இருந்தது. முழுச் சமூகமும் ஒன்றாக மாறியதால் ஊரும் பங்கும் ஒன்றாகவே அமைந்தன.

வேம்பாரிலிருந்து உள்நோக்கிச் சில கல் நடந்தால் இவை ஒன்றுகூட இல்லை. போர்த்துகீசியரின் கை கடற்கரையோடு நின்றுவிட்டது. உள்நாடு மதுரை நாயக்கர்களின் கீழ் இருந்த பாளையக்காரர்களிடம் இருந்தது. பாளையம் என்பது படைவீரர்களை வைத்துக் காவல் புரிந்து, வரி தண்டி, ஒரு பகுதியை மதுரைக்குச் செலுத்திய ஆட்சிப் பிரிவு. எழுபத்திரண்டு பாளையங்கள் என்பது மரபுக் கணக்கு. கரிசலின் பெரும்பகுதி எட்டயபுரம் பாளையத்தைச் சேர்ந்தது. அதை ஆண்ட எட்டப்ப நாயக்கர்கள் தெலுங்கு பேசும் கம்பளத்தார் குலத்தினர். இத்தகைய நாட்டுக்குள் ஓர் அயல்நாட்டுக் குரு நுழைய வேண்டுமானால் பாளையக்காரரின் இசைவோடும் ஊராரின் பொறுமையோடும்தான் நுழைய முடியும்; விரட்டப்பட்டால் உதவிக்கு வரக் கப்பல் எதுவும் இல்லை.

1606இல் மதுரை வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி தொடங்கிய மதுரை மிஷன் இந்த நிலைமைக்கு விடையாக உருவானது. குருக்கள் துறவிகளின் ஆடை அணிந்து, புலால் நீக்கி, தமிழில் பேசி எழுதி வாழ்ந்தனர். நோபிலி உயர்சாதியாரிடையே சந்நியாசியாகப் பழகினார். ஆனால் பிற சாதியினரோடு தடையின்றிக் கலந்து பழக அந்தக் கோலம் இடம் தராததால், 1640 அளவில் பல்தசார் தா கோஸ்தா என்பவர் பண்டாரசாமி முறையைத் தொடங்கினார். பண்டாரம் என்பது பிராமணரல்லாத சைவத் துறவிகளைக் குறித்த பெயர். அக்கோலத்தில் வந்த குருவால் உழவரோடும் நெசவாளரோடும் சாணார்களோடும் நெருங்கிப் பேச முடிந்தது. கரிசல் கிராமங்களுக்குள் கிறித்தவம் புகுந்தது பெரும்பாலும் இந்தப் பண்டாரசாமிகளின் காலடி வழியாகத்தான். அவர்கள் கட்டியவையும் அதற்கேற்றவையே: மண்சுவர், ஓலைக்கூரை, முன்னால் ஒரு பந்தல், பக்கத்தில் குரு தங்கும் குடிசை. ஒரு கலவரத்தில் எரிந்தால் மறு அறுவடைக்குள் மீண்டும் எழுப்பிவிடக்கூடிய கட்டடங்கள் அவை.

கரிசலின் இந்தத் தொடக்க காலத்துக்குச் சான்றாக நிற்கும் ஊர் கோவில்பட்டிக்குத் தென்மேற்கே உள்ள காமநாயக்கன்பட்டி. பரலோக மாதா, அதாவது விண்ணேற்றம் அடைந்த மரியாள், பெயரால் அமைந்த அவ்வூர்த் தேவாலயம் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே மதுரை மிஷனின் தென்பகுதிக்குத் தலைமை இடங்களில் ஒன்றாக இருந்தது. 1693 பிப்ரவரியில் மறவர் நாட்டு ஓரியூரில் வெட்டுண்டு இறந்த அருளானந்தர் என்ற ஜான் தெ பிரித்தோவின் நினைவும் இவ்வூரோடு பிணைந்துள்ளது. எட்டப்ப நாயக்கர் பெயரால் அமைந்த கல்வெட்டு ஒன்று, இக்கோயிலுக்கும் இங்கு வருவோருக்கும் தீங்கு செய்வோர் அரசுக்குத் துரோகம் இழைத்தவர் என்று அறிவிக்கிறது. ஓர் இந்து அரசர் தம் எல்லைக்குள் உள்ள பிற சமயக் கோயிலுக்குத் தாமே காவல் என்று கல்லில் பொறிப்பது தென்னாட்டுக்குப் புதியதன்று. பள்ளிவாசல்களுக்கும் சமணப் பள்ளிகளுக்கும் அத்தகைய காவல் கிடைத்திருக்கிறது. ஆனால் ஒரு தேவாலயம் அதே மரபுக்குள், அதே வகையான சொற்களோடு, அதே வகையான தண்டனை அச்சத்தோடு சேர்த்துக்கொள்ளப்பட்டது என்பதே இங்கு எடைபோட வேண்டிய செய்தி. கடலோரத்தில் தேவாலயத்தைக் காத்தது போர்த்துகல் அரசரின் உரிமை. கரிசலில் அதைக் காத்தது எட்டயபுரத்தாரின் வாக்கு.

அவ்வாக்கின் நிழலில் இருந்துகொண்டுதான் பியேர் மர்த்தேன் என்ற பிரெஞ்சு இயேசு சபைக் குரு, 1700ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் காமநாயக்கன்பட்டியிலிருந்து பாரிசுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். மதுரை மிஷன் போர்த்துகீசியரின் ஆதரவில் நடந்தாலும், 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பதினான்காம் லூயி மன்னரின் நாட்டிலிருந்து வந்த சில குருக்களும் அதில் சேர்ந்திருந்தனர். திருச்சிக்கு அருகே ஆவூரில் கோயில் எழுப்பிய பூஷே அவர்களுள் ஒருவர். மர்த்தேனின் கடிதத்தைப் பெற்றவர் ஷார்ல் ல கொபியேன். இவர் 1702இல் பாரிசில் வெளியிடத் தொடங்கி, 1776 வரை முப்பத்துநான்கு தொகுதிகளாக வளர்ந்த இயேசு சபைக் கடிதத் தொகுப்பில் அது அச்சேறியது. ஐரோப்பாவில் பரவலாக வாசிக்கப்பட்ட அத்தொகுப்பை, இயேசு சபையைக் கடுமையாக எதிர்த்த வால்த்தேரும் கீழ்த்திசை நாடுகளைப் பற்றிய தம் எழுத்துகளுக்குப் பயன்படுத்திக்கொண்டார். மதுரை, தஞ்சை போன்ற தலைநகரங்களின் பெயரே ஐரோப்பியர் சிலருக்கு மட்டும் தெரிந்திருந்த அக்காலத்தில், மழையை நம்பிப் பிழைக்கும் கரிசல் கிராமம் ஒன்றின் பெயர் பிரெஞ்சுப் புத்தகக் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தது இந்த வட்டார வரலாற்றில் பெருமையோடு நினைக்கத்தக்கது.

இக்கடிதங்களைப் படிப்போர் ஓர் எச்சரிக்கையை மனத்தில் கொள்ள வேண்டும். தாய்நாட்டு வாசகரின் பக்தியையும் கொடையையும் தூண்டும் நோக்கம் அவற்றுக்கு இருந்தது. மதமாற்றங்கள் எளிதாகவும் எதிரிகள் கொடியவர்களாகவும் தோன்றுமாறு அவை எழுதப்பட்டன. எனினும் பஞ்சம், படையெடுப்பு, வழிப்பறி, பாளையக்காரரின் மனப்போக்கு, ஊர்ப் பஞ்சாயத்து, சாதி வழக்கு எனக் கரிசல் வாழ்வைப் பற்றி அவை போகிற போக்கில் சொல்லிச் செல்லும் செய்திகள் அக்காலத்து வேறு எந்த ஆவணத்திலும் இவ்வளவு நெருக்கமாகக் கிடைப்பதில்லை. எழுதியவர் எதை வலியுறுத்த எண்ணினாரோ அதைவிட, எதைக் கவனியாமல் எழுதிவைத்தாரோ அதுவே வரலாற்றாசிரியருக்குப் பெரிதும் உதவுகிறது.

மர்த்தேனுக்குச் சில ஆண்டுகளுக்குப் பின், இத்தாலியில் பிறந்து 1710இல் கோவா வந்த ஜோசப் பெஸ்கி, தமிழகத்தில் தம் தொடக்க காலப் பணியைக் காமநாயக்கன்பட்டி வட்டாரத்தில் செய்தார். பிற்காலத்தில் வீரமாமுனிவர் என்று தமிழுலகம் போற்றிய அவர், 1714, 1715 ஆண்டுகளில் உயிருக்கே ஆபத்து நேர்ந்த எதிர்ப்பை இப்பகுதியில் சந்தித்தார். அவரைத் தேம்பாவணிக்காகவும் சதுரகராதிக்காகவும் நினைப்பது இயல்பு. கரிசல் தேவாலயங்களின் வரலாற்றுக்கோ அவர் உபதேசியார்களுக்காக எழுதிய வேதியர் ஒழுக்கம் என்ற உரைநடை நூல் அவற்றைவிட முக்கியமானது. உபதேசியார் என்பவர் குரு இல்லாத ஊரில் செபம் நடத்தி, பிள்ளைகளுக்கு மந்திரங்கள் கற்றுக்கொடுத்து, சாகும் தறுவாயில் இருப்பவருக்குத் திருமுழுக்கு அளித்து, வழக்குகளைத் தீர்த்து, குரு வரும்போது ஊரைத் தயாராக வைத்திருந்த உள்ளூர் மனிதர். ஒரு குருவின் பொறுப்பில் பல பத்துக் கிராமங்கள் இருந்தன. அவர் ஓர் ஊருக்கு ஆண்டில் சில நாள்களே வர முடிந்தது. ஆகவே அவ்வூர்த் தேவாலயம் உண்மையில் உபதேசியாரின் தேவாலயமாகவே இருந்தது.

இந்த உண்மை 1773க்குப் பின் வெளிப்படையாயிற்று. போர்த்துகல் தன் ஆட்சிப்பகுதிகளில் ஏற்கெனவே ஒடுக்கியிருந்த இயேசு சபையை அவ்வாண்டில் திருத்தந்தை முழுமையாகக் கலைத்தார். கோவாவிலிருந்து வந்த சில குருக்கள் எஞ்சிய கிராமங்களைச் சுற்றிவந்தனர். அதே காலத்தில் கரிசல் நாடு பாளையப் போர்களால் சிதைந்தது, 1799 அக்டோபரில் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார், பாஞ்சாலங்குறிச்சி தரைமட்டமாக்கப்பட்டது, கிழக்கிந்தியக் கம்பெனியோடு நின்ற எட்டயபுரம் ஜமீனாக மாறி 20ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. இரண்டு தலைமுறைக்கும் மேலாக நிலையான குரு இன்றி இருந்தும் இவ்வூர்களில் கிறித்தவம் அழியாமல் இருந்ததற்குப் பாராட்டு, ஐரோப்பியர் எவரையும்விட, பெயர்கூட எழுதி வைக்கப்படாத உபதேசியார்களுக்கும் கோயிலைப் பெருக்கி விளக்கேற்றிய கோயில்பிள்ளைகளுக்கும்தான் உரியது.

மீண்டும் பிரெஞ்சுக்காரர்கள் வந்தது 1838இல். 1814இல் புத்துயிர் பெற்ற இயேசு சபையிடம் மதுரை மிஷனை உரோமை ஒப்படைத்தபோது, பெர்த்ராந்து, கார்னியே, மர்த்தேன், துராங்கே என்ற நால்வர் முதலில் வந்து சேர்ந்தனர். இந்த மர்த்தேன் 1700இல் கடிதம் எழுதியவரின் பெயரைக் கொண்ட வேறொருவர். நால்வரில் மூவர் ஆறே ஆண்டுகளுக்குள் வெப்பத்துக்கும் நோய்க்கும் பலியாயினர். எஞ்சிய பெர்த்ராந்து பிரான்சு திரும்பிப் பழைய மதுரை மிஷனின் கடிதங்களை நான்கு தொகுதிகளாக வெளியிட்டார். இறந்தவர்களின் இடத்துக்கு ஆள்கள் வந்துகொண்டே இருந்தனர். மிஷன் இயேசு சபையின் துலூஸ் மாநிலத்தின் பொறுப்பில் அமைந்தபின் பிரான்சின் தென்மேற்குச் சீமையைச் சேர்ந்த பலர் தமிழகக் கிராமங்களில் வாழ்ந்து மடிந்தனர். வந்தவர்களுக்குக் கோவாக் குருக்களோடு நீண்ட பூசல் இருந்தது. இந்தியக் கோயில்கள் மீது தனக்கே உரிமை என்று போர்த்துகல் கொண்டாடிய ‘பதுரவாதோ’ சலுகையே அதன் வேர். ஒரே ஊரில் இரண்டு கோயில், இரண்டு திருவிழா, இரண்டு கல்லறை எனப் பங்குகள் பிளந்து நின்றன. 1886இல் உரோமைக்கும் லிஸ்பனுக்கும் ஏற்பட்ட உடன்படிக்கைக்குப் பிறகே அப்பூசல் பெரிதும் அடங்கியது.

இந்தப் புதிய குருக்கள் விட்டு வந்த பிரான்சைப் புரிந்துகொண்டால்தான் அவர்கள் கட்டிய கோயில்கள் விளங்கும். 1789இல் தொடங்கிய புரட்சியில் பிரெஞ்சுக் கிராமத் தேவாலயங்கள் பல மூடப்பட்டன, மணிகள் உருக்கப்பட்டன, நிலங்கள் விற்கப்பட்டன. அடுத்த நூற்றாண்டு முழுவதும் அக்கிராமங்கள் தம் கோயில்களைப் பழுதுபார்ப்பதிலும் புதிதாக எழுப்புவதிலும் ஈடுபட்டன. கூர்வளைவுகளும் உயர்ந்த மணிக்கூண்டும் கொண்ட இடைக்காலக் கோத்திக் பாணியே உண்மையான கிறித்தவக் கட்டடக்கலை என்ற எண்ணம் அப்போது வலுப்பெற்றது. 1858இல் லூர்து நகரில் நிகழ்ந்ததாக நம்பப்பட்ட மாதா காட்சிகள் அக்கிராமப் பக்திக்குப் புது உயிர் ஊட்டின. லூர்து துலூசுக்குத் தென்மேற்கே, பிரனே மலையடியில் உள்ளது. தம் ஊர்ப் பக்கத்து மாதாவைத் தமிழகத்துக்குக் கொண்டுவருவது துலூஸ் குருக்களுக்கு இயல்பாகவே தோன்றியிருக்கும். கயத்தாற்றிலும் இன்னும் எத்தனையோ ஊர்களிலும் லூர்து மாதா பெயரால் கோயில்கள் அமைந்ததும், பனைமரங்களுக்கு நடுவே கல் அடுக்கிக் குகை போன்ற கெபிகள் எழுந்ததும் இதன் விளைவு. கோத்திக் ஆசையின் உச்சத்தைக் காண வைகைக் கரைக்குப் போக வேண்டும்: இடைக்காட்டூரில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெர்டினாண்ட் செல் என்ற பிரெஞ்சுக் குரு எழுப்பிய திரு இருதய ஆலயம், ரான்ஸ் நகரப் பேராலயத்தை முன்மாதிரியாகக் கொண்டது என்று போற்றப்படுகிறது.

கரிசலில் அத்தகைய ஆசைக்கு மண்ணே தடை. மழை பெய்தால் ஊதிப் பெருத்து, வெயிலில் சுருங்கி, ஆள் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும் மண்ணின் மேல் கனமான சுவர் எழுப்பினால், ஓரிரு ஆண்டிலேயே சுவரும் மண்ணோடு சேர்ந்து பிளக்கும். கரிசல் ஊர்களின் கொத்தனார்களுக்கு இது தலைமுறை அறிவு. கருமண்ணை முழுவதும் தோண்டி எடுத்து, அடியில் உள்ள சுக்கான் படலத்தை, அதாவது சுண்ணாம்பு இறுகிய கெட்டித் தரையை, எட்டிய பிறகே கடைக்கால் போடுவார்கள். அது ஆழத்தில் இருந்தால் குழியில் ஆற்று மணலைப் பரப்பி நீர்விட்டு இறுக்குவார்கள். அச்சுக்கான் கல்லையே சூளையில் வேகவைத்துச் சுண்ணாம்பு எடுத்து, மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டிப் பாகும் கலந்து காரை செய்வது இப்பகுதி வழக்கம். தடித்த சுவர், வெளிப்புறத்தில் அதற்கு முட்டுக்கொடுக்கும் உதைசுவர்கள், உயரம் குறைந்த முகப்பு, சிறு மணிக்கூண்டு என்ற அமைப்பு கரிசலுக்குப் பொருந்தியதற்குக் காரணம் அழகுணர்ச்சி மட்டுமன்று. மண் அனுமதித்த உயரம் அவ்வளவுதான்.

இங்கு துலூஸ் நாட்டோடு ஓர் ஒப்புமை மனத்தில் எழுகிறது. கரோன் ஆற்றுச் சமவெளியில் நல்ல கட்டடக் கல் அரிது; களிமண் மிகுதி. அதனால் அந்நாட்டார் செங்கல்லிலேயே கோயில் கட்டினர். 1096இல் அர்ச்சிக்கப்பட்ட சேன் செர்னேன் பெருங்கோயில்கூடப் பெரும்பாலும் செங்கல் வேலைதான். அங்குள்ள சிற்றூர்களில் தனிக் கோபுரம் எழுப்ப வசதி இல்லாத இடங்களில் முகப்புச் சுவரையே மேலே நீட்டி, அதில் வளைவுத் துளைகள் விட்டு மணிகளைத் தொங்கவிடுவது வழக்கம். கல்லற்ற நாட்டில் செங்கல்லையும் காரையையும் நம்பிக் கட்டும் முறையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கரிசல் கொத்தனாரின் வேலை அந்நியமாகத் தோன்றியிருக்காது. எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்ப்பதைவிட, இரண்டு களிமண் நாடுகளின் கைப்பழக்கங்கள் ஓர் இடத்தில் சந்தித்தன என்று கொள்வதே பொருத்தம்.

கத்தோலிக்கம் மட்டுமே கரிசலில் தேவாலயங்களை எழுப்பவில்லை. 1854 முதல் தாமஸ் ராக்லாந்து என்ற கேம்பிரிட்ஜ் அறிஞர், வட திருநெல்வேலி முழுவதும் கூடாரம் அடித்து ஊர் ஊராகச் செல்லும் ஊழியத்தை நடத்தி, 1858இல் சிவகாசியில் இறந்தார். தாது வருடப் பஞ்சம் என்று மக்கள் நினைவில் நிற்கும் 1876–78 பெரும்பஞ்சத்தில் நிவாரணப் பணி செய்த ஆங்கிலிக்கச் சபையில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தனர். 1877இல் ஆயராகிய கால்டுவெல் அவ்வெள்ளத்தைத் தாங்கும் பொறுப்பை ஏற்றார். நாகலாபுரம், புதியம்புத்தூர் முதலிய கரிசல் ஊர்கள் அச்சபையின் நிலையங்களாயின. கஞ்சிக்காக வந்தவர்கள் என்று அவர்களை இகழ்வதும், ஆன்ம விழிப்பு என்று மட்டும் போற்றுவதும் ஒன்றுபோலவே குறையுடையவை. அரசும் மிராசுதாரரும் கைவிட்ட நேரத்தில் தம்மை மனிதராக எண்ணிய இடத்தைத் தேடி மக்கள் சென்றனர். சென்றவர்களில் பலர் பஞ்சம் தீர்ந்தபின்னும் அங்கேயே நின்றனர். இச்சபையின் சிற்றூர்க் கோயில்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடமும் கோயிலுமாக இருபயன் கொண்டவை: பகலில் அரிச்சுவடி, அந்தியில் செபம், ஞாயிறன்று ஆராதனை.

எழுத்தறிவு பரவியதும், பருத்தி வணிகம் பெருகியதும், 1876இல் மதுரை–தூத்துக்குடி இருப்புப்பாதை திறக்கப்பட்டதும் கரிசலின் சமூக அடுக்கை அசைத்தன. அந்த அசைவில் தேவாலயம் எத்தகைய இடத்தைப் பிடித்தது என்பதைக் கழுகுமலை காட்டுகிறது. பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயிலுக்கும் சமணச் சிற்பங்களுக்கும் பெயர்பெற்ற அவ்வூரின் முருகன் கோயில் எட்டயபுரம் ஜமீனின் ஆதரவில் இருந்தது. வணிகத்தால் உயர்ந்த நாடார்கள் தேரோடும் வீதிகளில் தம் ஊர்வலங்களை நடத்த உரிமை கேட்டனர்; ஜமீன் மறுத்தது; நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை. அவர்களுள் ஒரு பகுதியினர் கத்தோலிக்கத்தில் சேர்ந்தனர். தேர்வீதியிலேயே ஒரு கட்டடம் சிற்றாலயமாயிற்று. பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள் அவர்களுக்குத் துணை நின்றனர். 1895 ஏப்ரலில் பங்குனித் தேரோட்டத்தின்போது, அச்சிற்றாலயத்தின் முன் போடப்பட்ட பந்தல் தேரின் பாதையை மறித்ததால் கலகம் மூண்டது. ஜமீன் மேலாளர் உள்ளிட்ட பலர் கொல்லப்பட்டனர், வீடுகள் எரிந்தன, நீண்ட குற்ற வழக்குகள் தொடர்ந்தன. காமநாயக்கன்பட்டியில் தேவாலயத்துக்குத் தீங்கு செய்வது துரோகம் என்று கல்லில் எழுதிய அதே எட்டயபுரத்தின் ஆட்சிக்கும் ஒரு தேவாலயத்துக்கும், அவ்வூரிலிருந்து சில கல் தொலைவிலேயே, இரு நூற்றாண்டுகளுக்குப் பின் இவ்வாறு மோதல் நேர்ந்தது. பழைய தேவாலயம் ஊரின் ஒழுங்குக்குள் தனக்கு ஓர் இடம் கேட்டது. புதிய சிற்றாலயமோ அந்த ஒழுங்கையே கேள்விக்கு உட்படுத்தியது. ஜமீன் தாங்கிக்கொள்ள முடியாமல் போனது சமய வேற்றுமையை என்பதைவிட, வீதியின் மீதான உரிமைக் கோரிக்கையை என்பதே பொருந்தும்.

தேவாலயத்துக்குள்ளும் சாதி இருந்தது என்பதை மறைத்து இவ்வரலாற்றை எழுத முடியாது. கரிசலுக்குத் தெற்கே வடக்கன்குளத்தில் 1872இல் கட்டப்பட்ட திருக்குடும்பக் கோயில், இரு சாதியினர் ஒருவரையொருவர் காணாது பீடத்தை மட்டும் காணும்படி இரண்டு கைகளாகப் பிரிந்த வடிவில் அமைக்கப்பட்டது. 1910இல் அப்பிரிவினையைப் பிரெஞ்சுக் குரு கௌசானல் அடிகள் அகற்றினார், எதிர்த்தவர்கள் வழக்காடினர், தேவாலயத்துக்குள் சாதிக்குத் தனி இடம் கேட்கும் உரிமையைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. முதலில் பிரிவினைக்குச் செங்கல் அடுக்கியதும் பிறகு அதை இடித்ததும் ஒரே பிரெஞ்சு மிஷன்தான் என்பதை நேர்மையாகப் பதிவுசெய்ய வேண்டும்.

இவ்வளவு மாற்றங்களுக்கும் நடுவே காமநாயக்கன்பட்டியின் ஆகஸ்டு 15 திருவிழா நிலைத்தது. அந்நாள் ஆடி முடிந்து ஆவணி பிறக்கும் தறுவாயில் வருகிறது. மானாவாரிக் கரிசலில் விதைப்பு வடகிழக்குப் பருவமழையை ஒட்டிப் புரட்டாசி, ஐப்பசியில்தான் தொடங்குவதால், உழவர் கையில் சற்று ஓய்வுள்ள காலம் அது. கூட்டுவண்டி கட்டிக் குடும்பத்தோடு வந்து, கோயில் வெளியில் அடுப்பு மூட்டித் தங்குவதற்கு அதைவிடப் பொருத்தமான நாள் கரிசல் நாள்காட்டியில் அரிது. அலங்கரித்த சப்பரத்தில், அதாவது தோளிலோ சக்கரத்திலோ நகரும் மரத் தேரில், மாதா ஊர்வலம் வருவதும், நேர்ந்துகொண்டவர்கள் கோயிலைச் சுற்றி விழுந்து வணங்கும் கும்பிடு சேவையும், தரையில் உருண்டு வருவதும் கரிசலின் அம்மன் கோயில்களிலும் காணத்தக்க பக்தி முறைகளே. பிற சமயத்தாரும் திரளாக வரும் இத்திருவிழாவைப் பிரெஞ்சுக் குருக்கள் உருவாக்கவில்லை. அவர்கள் வந்தபோது ஊரார் கையில் அது ஏற்கெனவே இருந்த ஒன்று.

பிரான்சில் 1905இல் அரசும் சமயமும் பிரிக்கப்பட்டபோது, அதுவரை கட்டப்பட்டிருந்த கிராமத் தேவாலயங்கள் ஊராட்சிகளின் சொத்தாயின. வழிபடுவோர் குறைந்துபோன ஊர்களிலும் அவற்றைப் பேணுவது பொதுப்பொறுப்பாயிற்று. 1964இல் தொடங்கிய தேசியக் கணக்கெடுப்பு சிற்றூர்களின் கோயில்களைக்கூட ஒவ்வொன்றாக அளந்து படமெடுத்துப் பதிந்தது. கரிசலில் நிலைமை நேர்மாறானது. இங்கு வழிபடுவோர் பெருகுகின்றனர். பழைய கட்டடம் போதவில்லை. வெளியூரில் உழைத்துப் பொருளீட்டியவர்களின் காணிக்கையால் பழையதை இடித்து, கான்கிரீட்டில் இரட்டைக் கோபுரம் எழுப்புவது ஊரின் வளர்ச்சிக்கு அடையாளமாகக் கருதப்படுகிறது. அந்த மகிழ்ச்சியில் நியாயம் உண்டு. ஆனால் சுக்கான் கடைக்காலும் கடுக்காய்க் காரையும் கொண்ட சுவர் ஒன்று அளக்கப்படாமலே இடிக்கப்படும்போது, அவ்வூர்க் கொத்தனார்களின் ஒரே கையெழுத்து அழிகிறது.

கட்டடத்தைவிட எளிதாகக் காக்கக்கூடியவை பதிவேடுகள். திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பங்குதோறும் எழுதிவைக்கும் வழக்கத்தைப் பிரெஞ்சுக் குருக்கள் கண்டிப்போடு கடைப்பிடித்தனர்; இலத்தீனில் எழுதப்பட்ட வரிகளுக்குள் தமிழ்ப் பெயர்களும் ஊர்ப் பெயர்களும் கலந்து வரும் ஏடுகள் அவை. தாது வருடத்தில் எந்த ஊரில் யார் இறந்தார், எந்த ஊரிலிருந்து பெண் எடுத்தனர், எந்தக் குடும்பம் எந்த ஆண்டில் இலங்கைத் தோட்டத்துக்கோ தூத்துக்குடிப் பஞ்சாலைக்கோ பெயர்ந்தது என்பதை, ஜமீன் கணக்கிலும் அரசிதழிலும் இடம்பெறாத எளிய மனிதர்களின் பெயரோடு அவற்றிலிருந்து மீட்டெடுக்க முடியும். மதுரை மிஷனின் மைய ஆவணங்கள் செண்பகனூரில் நெடுங்காலம் பேணப்பட்டு ஆய்வாளர்களுக்குப் பயன்பட்டன. கிராமப் பங்குகளின் பெட்டிகளிலும் அலமாரிகளிலும் உள்ள ஏடுகளையோ அந்தந்த ஊரைச் சேர்ந்தவர்களே படித்து, படியெடுத்து, தம் வட்டார வரலாற்றில் சேர்க்க வேண்டியுள்ளது.